ஆற்றைப் பார்த்திருந்த ஊரும் உடைந்த குளமும்: 2023 டிசம்பர் வெள்ளம் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

எதைப் பற்றியது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்களில் பெருமழை பெய்தது. அப்போது தாமிரபரணியின் தென்கரை ஊர் ஒன்றில் நடந்ததையும், அடுத்த ஓராண்டில் அந்த ஊராரும் அங்கே மீட்புக்கு வந்தவர்களும் மாற்றிக்கொண்டதையும் இங்கே எழுதியிருக்கிறேன். ஊர் பாளையங்கோட்டைக்குக் கிழக்கே இருக்கிறது. ஊர்ப்பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டுமென்றே விடப்பட்டுள்ளன.

2024 தொடக்கத்தில் பேரிடர் தயார்நிலைப் பயிற்சிக்காக அங்கே போன குழுவில் நானும் ஒருவன். ஊராட்சித் தலைவி, கிராம நிர்வாக அலுவலர், கிராம சுகாதார செவிலியர், குளத்து நீர்ப்பாய்ச்சி (குளத்துத் தண்ணீரைத் திறந்து வயல்களுக்குப் பாய்ச்சுபவர்), தீயணைப்பு வீரர்கள், வள்ளத்தோடு வந்த மீனவர்கள், முகாமில் தங்கியவர்கள் எல்லோரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். இருட்டில், மழையில், பதற்றத்தில் கழிந்த இரவு அது. ஆளுக்கொரு நேரம் சொன்னார்கள். பொருந்தாத இடங்களில் செல்போன் படங்களில் பதிவாகியிருந்த நேரத்தை எடுத்துக்கொண்டேன்.

ஊரின் கிடப்பு

வடக்கே ஆறு. தெற்கே, ஊரைவிட மேட்டில் ஒரு குளம். அதற்கும் மேலே இரண்டு குளங்கள். மேல்குளம் பெருகி மறுகால் (மிகுதித் தண்ணீர் வழிந்து வெளியேற விட்ட தாழ்வான சுவர்) பாய்ந்தால் நடுக்குளத்துக்கு வரும், அது பெருகினால் ஊர்க்குளத்துக்கு, ஊர்க்குளம் மறுகால் பாய்ந்தால் ஓடை வழியாக ஆற்றுக்கு. நெல்லைச் சீமையில் எத்தனையோ ஊர்களுக்கு இதே அமைப்புத்தான்.

ஓடை ஊரின் மேற்கு விளிம்பை ஒட்டிப் போகிறது. ஓடைக்குக் கிழக்கே கோயில், மேலத்தெரு, ஆற்றுப் பக்கம் சரிந்த கீழத்தெரு, சற்று மேட்டில் சர்ச். ஓடைக்கு மேற்கே, தரைப்பாலத்தைத் தாண்டி, அரசுப் பள்ளியும் ரேஷன் கடையும். காலனி ஓடைக்கரைப் பள்ளத்தில் இருக்கிறது. யாருக்கு மேடு, யாருக்குப் பள்ளம் என்பது நம் ஊர்களில் எப்படி முடிவானது என்று விளக்க வேண்டியதில்லை.

இருநூறுக்குக் குறைவான வீடுகள். நெல்லும் வாழையும் பிழைப்பு. காலனியிலும் கீழத்தெருவிலும் ஆடு மாடு. டிசம்பர் நடுவில் பிசான (மாசி, பங்குனியில் அறுவடையாகும் பருவம்) நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்திருந்தது. அந்த நேரத்தில் குளத்தில் ஒரு அடி தண்ணீர் கூட நிற்பதும் குறைவதும் மாசி, பங்குனியில் கதிர் தேறுமா என்பதைத் தீர்மானிக்கும். அதனால் மறுகாலின் மேல் மண் மூட்டை அடுக்கிக் கூடுதலாகத் தண்ணீர் பிடிப்பது அங்கே வழக்கம். எழுதிய விதிப்படி கூடாது. ஆனாலும் எல்லோருக்கும் தெரிந்தேதான் நடந்தது.

வெள்ளம் என்றால் ஊராருக்கு 1992 நவம்பர்தான். அன்று ஆறு கீழத்தெருவுக்குள் ஏறியது. அதன்பிறகு மழைக்காலம் வந்தாலே ஆற்றைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. டவுனில் இருக்கும் உறவுக்காரர்களுக்குப் போன் போட்டு, "குறுக்குத்துறை முங்கிட்டா?" என்று கேட்பார்கள். ஆற்றுக்குள் பாறைமேல் நிற்கும் குறுக்குத்துறை முருகன் கோயிலைத் தண்ணீர் மூடிவிட்டால் சில மணி நேரத்தில் தங்களுக்கும் வரும் என்பது அவர்கள் கணக்கு. பல ஆண்டுகள் பலித்த கணக்கு, ஆகவே அதைக் குறையாகச் சொல்வதற்கில்லை.

மழைக்கு முந்தைய ஏற்பாடு

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு ஊரில் முதல்நிலை மீட்பாளர் பட்டியல் எடுக்கப்பட்டது. சில இளைஞர்கள் ஏற்கெனவே ஆப்த மித்ரா என்ற பேரிடர்த் தன்னார்வலர் திட்டத்தில் பயிற்சி பெற்றிருந்தார்கள். அக்டோபரில் தீயணைப்பு நிலையத்தார் படித்துறையில் ஒத்திகை நடத்தினார்கள். காலிப் பிளாஸ்டிக் குடத்தைக் கட்டிக்கொண்டு மிதப்பது, கயிறு எறிவது, மூழ்கியவருக்கு நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்வது எல்லாம் செய்து காட்டினார்கள். நல்ல வெயில். குழந்தைகள் கைதட்டினார்கள்.

ஊருக்கான திட்டம் ஒரு பக்கத் தாளில் இருந்தது. தாழ்வான பகுதி: கீழத்தெரு. முகாம்: அரசுப் பள்ளி. எச்சரிக்கை: வருவாய்த் துறையிலிருந்து கிராம நிர்வாக அலுவலர் வழியாக. தண்ணீர் ஆற்றிலிருந்துதான் வரும், செய்தி மேலிருந்து வந்து சேரும், பள்ளிக்குப் போகும் வழி திறந்திருக்கும் என்ற மூன்று நம்பிக்கைகளின் மேல் அந்தத் தாள் நின்றது. குளம் என்ற சொல்லே அதில் கிடையாது. குளத்தின் கோப்பு வேறோர் அலுவலகத்தில் இருந்தது. வெள்ளத் திட்டம் எழுதியவர்கள் வேறு.

டிசம்பர் 17, பகல்

ஞாயிற்றுக்கிழமை, மார்கழி முதல் தேதி. விடியலில் கோயிலில் கூம்பு ஒலிபெருக்கி கட்டித் திருப்பாவை போட்டிருந்தார்கள். அந்த ஒலிபெருக்கி அன்றிரவு இன்னொரு வேலைக்கு ஆனது.

விடாத மழை. காலை முழுதும் ஊர் வாட்ஸ்அப் குழுவில் பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டமும் எத்தனை கன அடி திறப்பு என்பதுமே ஓடிக்கொண்டிருந்தன. இளைஞர்கள் படித்துறையில் நின்று ஆற்றைப் பார்த்தார்கள். ஆறு ஏறியது, ஆனால் 1992 அளவுக்கு இல்லை. டீக்கடையில் ஓரளவு நிம்மதி.

அன்று பகலில் இரண்டு பேர் வேறு திசையில் பார்த்தார்கள். முதலாமவர் கிராம சுகாதார செவிலியர். தன் பொறுப்பில் உள்ள கர்ப்பிணிகளின் பிரசவத் தேதிகளை ஒரு நோட்டில் வைத்திருந்தார். இந்த ஊரில் நிறைமாதத்தில் இரண்டு பேர்; கூடவே வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் போகும் ஒரு பெரியவர். தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறத் தொடங்கியதைப் பார்த்ததும் மூவரையும் டவுனுக்கு அனுப்பிவிட முடிவெடுத்தார். ஒரு கணவர் தயங்கினார்.

"சாயங்காலம் பார்த்துக்கிடலாம் சிஸ்டர், வலியே இல்லையே."

"சாயங்காலம் ரோடு இருக்குமான்னு யாருக்குத் தெரியும் அண்ணாச்சி? இப்பவே ஏத்துங்க."

பிற்பகல் இரண்டு மணிக்குள் மூவரும் வேனில் போய்விட்டார்கள். நான்கு மணிக்குப் பிறகு அந்தப் பாலத்தை யாரும் கடக்கவில்லை. யாருடைய உத்தரவுக்கும் அவர் காத்திருக்கவில்லை. நோட்டும் தேதியும் கையில் இருந்தன, பாலம் கண்ணுக்கு முன்னால் இருந்தது. அவ்வளவு போதுமாக இருந்தது. ஊரில் பலரும் இன்றுவரை பெரிதாகப் பேசாத இந்த முடிவுதான் அன்றைய நாளின் மிகச் சரியான முடிவு என்று நினைக்கிறேன்.

இரண்டாமவர் நீர்ப்பாய்ச்சி, எழுபது தாண்டியவர். நடுக்குளம் மறுகால் பாய்கிறது என்று செய்தி வந்ததும் குளக்கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, மறுகாலில் அடுக்கிய மூட்டைகளை உடனே எடுக்க வேண்டும் என்றார். பாசனக்காரர்கள் சிலர் மறித்தார்கள்.

"மூட்டையை எடுத்தா மாசியில தண்ணிக்கு எங்க போவீரு?"

"குளம்னு ஒண்ணு இருந்தாத்தானவே மாசியில தண்ணி."

பேச்சு முக்கால் மணி நேரம் இழுத்தது. கடைசியில் ஊராட்சித் தலைவி, "எடுங்க, யார் கேட்டாலும் நான் சொல்லிக்கிடுதேன்" என்று சொன்ன பிறகே ஆட்கள் இறங்கினார்கள். பாதி மூட்டைகள் எடுப்பதற்குள் இருட்டிவிட்டது. மறுகாலில் தண்ணீர் இழுத்த இழுப்பில் அதன்மேல் நிற்க முடியவில்லை. மீதி மூட்டைகள் அப்படியே இருந்தன.

டிசம்பர் 17, இரவு

ஏழு மணிக்கு மேல் மின்சாரம் போனது. நள்ளிரவுக்குள் செல்போன் சிக்னலும் போயிற்று. கிராம நிர்வாக அலுவலர் டவுனில் இருந்தார். வரும் வழிகள் அடைபட்டிருந்தன. பள்ளிச் சாவி தலைமையாசிரியரிடம், அவரும் டவுனில். சாவி இருந்திருந்தாலும் பயனில்லை, பள்ளி ஓடைக்கு அந்தப் பக்கம். திட்டத்தின் மூன்று நம்பிக்கைகளில் இரண்டு இருட்டுவதற்குள்ளேயே விழுந்துவிட்டன.

கோயில் ஒலிபெருக்கிப் பெட்டியை இன்வெர்ட்டர் ஒன்றோடு டிராக்டர் பேட்டரியில் இணைத்தார்கள். முதல் அறிவிப்பைப் பயிற்சி பெற்ற இளைஞர் ஒருவர் படித்தார்: கனமழை எச்சரிக்கை விடுக்கப்பட்டுள்ளது, தாழ்வான பகுதி மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். கேட்டார்கள், யாரும் அசையவில்லை. அரை மணி நேரம் கழித்து ஊராட்சித் தலைவி மைக்கை வாங்கினார். பலருக்கும் அவர் சொன்னது கிட்டத்தட்ட அப்படியே நினைவிருக்கிறது:

"காலனியில கடைசி லைன்ல இருக்கிறவங்க கேளுங்க. ஓடைத் தண்ணி தண்ணித்தொட்டிக்கு வந்துட்டு. இன்னும் கொஞ்ச நேரத்துல உங்க வாசலுக்கு வந்துரும். சர்ச்சுல கதவைத் திறந்தாச்சு. ஆடு, கோழி எல்லாத்தையும் கொண்டு வாங்க, கட்டுறதுக்கு இடமிருக்கு. ரேஷன் கார்டு, மாத்திரை, ஒரு போர்வை. வேற எதுவும் வேண்டாம்."

இதற்குப் பிறகுதான் கூட்டம் நகர்ந்தது. எந்த லைன், தண்ணீர் இப்போது எங்கே, எங்கே போவது, எதை எடுப்பது, ஆட்டை என்ன செய்வது என எல்லாவற்றுக்கும் பதில் அதில் இருந்தது. முதல் அறிவிப்பில் ஒன்றுக்கும் இல்லை.

கடைசி லைனில் தனியாக இருந்த ஒரு மூதாட்டியை அழைக்கப் போன பையன் சொன்னான்:

"ஆட்டை விட்டுட்டு நான் எங்கல வாரது? நீ போன்னுட்டாவ. ஆச்சி, ஆட்டோடயே வாங்க, சர்ச்சு வராண்டாவுல கட்டிக்கிடலாம்னேன். அப்பறந்தான் எந்திரிச்சாவ."

அவன் அவரைத் தூக்கிக்கொள்ள, இன்னொருவன் ஆடுகளைப் பிடித்துக்கொள்ள, முழங்காலளவு ஓட்டத்தில் கயிற்றைப் பிடித்தபடி வந்தார்கள். முழங்காலளவு என்றாலும் ஓடும் தண்ணீர் ஆளைத் தள்ளிவிடும் என்பது அக்டோபர் ஒத்திகையில் சொல்லப்பட்டதுதான். அந்த இரவில் அது ஒன்று மறக்காமல் பயன்பட்டது.

சர்ச்சும் மண்டபமும்

பதினொரு மணிக்குள் சர்ச் நிறைந்துவிட்டது. அடுத்த மேட்டிடம் கோயில் கல்யாண மண்டபம். திறந்திருந்தது, இடமும் இருந்தது. ஆனாலும் காலனியைச் சேர்ந்த சில குடும்பங்கள் அங்கே போகவில்லை. போகக்கூடாது என்று அன்றிரவு யாரும் சொல்லவில்லை. வாங்க என்றும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ஒலிபெருக்கியில் சர்ச் என்று மட்டுமே சொல்லியிருந்தார்கள். இரண்டு குடும்பங்கள் தங்கள் கான்கிரீட் வீட்டுத் தட்டட்டியில் (மொட்டை மாடியில்) தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு இருந்துவிட்டார்கள். மறுநாள் மதியம்வரை அங்கேயேதான்.

இதைப் பதிவிலிருந்து நீக்கிவிடலாம் என்று ஊரில் இரண்டு தரப்பிலும் சிலர் கேட்டுக்கொண்டார்கள். நீக்கினால் முகாம் இடங்களைப் பற்றிப் பின்னால் எடுத்த முடிவுக்குக் காரணமே விளங்காது.

குளம் உடைந்தது

பின்னிரவு மூன்று மணி வாக்கில் நடுக்குளம் உடைந்தது. அந்தத் தண்ணீர் ஊர்க்குளத்துக்குள் வந்து ஒன்றரை மணி நேரம் கழித்து ஊர்க்குளத்துக் கரையும் கிழக்குக் கோடியில் உடைத்துக்கொண்டது. தண்ணீர் வாழைத் தோட்டங்களையும் நடவு வயலையும் அடித்துக்கொண்டு ஊருக்குக் கிழக்கே ஆற்றுப் பக்கம் ஓடியது. ஊருக்குள் மண்சுவர் வீடுகள் பல இடிந்தன. மாடுகளும் ஆடுகளும் செத்தன. ஆள் சேதம் இல்லை.

ஆள் சேதம் இல்லை என்பதைத் திட்டத்தின் வெற்றியாக எழுதிவிட முடியாது. கரை கிழக்கே உடையாமல் நடுவில் உடைந்திருந்தால் தண்ணீர் நேராக மேலத்தெருவுக்கும் கோயில் மண்டபத்துக்கும் வந்திருக்கும். மூட்டைகளில் பாதி எடுத்ததால் கரை சில மணி நேரம் கூடுதலாகத் தாங்கியது என்று நீர்ப்பாய்ச்சி நம்புகிறார். அந்தச் சில மணி நேரத்தில்தான் காலனி காலியானது.

18 காலையில் தெற்கிலிருந்து வந்த தண்ணீர் வடிவதற்குள் வடக்கிலிருந்து ஆறு ஏறியது. மதியம் கீழத்தெரு முங்கியது. ஊர் தீவானது.

எங்கிருந்து வந்தது இவ்வளவு தண்ணீர்

18 காலை 8.30 வரையான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவானது. திருச்செந்தூர், ஸ்ரீவைகுண்டம், மூலைக்கரைப்பட்டி ஆகிய இடங்களில் 60 செ.மீ.க்கு மேல். ஓராண்டு முழுதும் பெய்ய வேண்டிய மழை ஒரு நாளில் கொட்டியது என்று அந்தப் பக்கத்தார் சொல்வது மிகையில்லை. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது இந்த மழையில்தான்.

ஊர்க் கூட்டத்தில் நாங்கள் போட்டுக் காட்டிய ஒரு கணக்கு பலரை நிமிரவைத்தது. மணிமுத்தாறு அணையின் கொள்ளளவு ஏறத்தாழ 5.5 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). 60 செ.மீ. மழை 260 சதுர கிலோமீட்டரில் பெய்தால் அதே 5.5 டி.எம்.சி. வந்துவிடும். நீளம் 20, அகலம் 13 கிலோமீட்டர் உள்ள ஒரு நிலப்பரப்பு போதும். அப்படியொரு முழு அணைத் தண்ணீர், அணைகளுக்குக் கீழே, சமவெளியில், குளங்களுக்குள் விழுந்தது. அணையிலிருந்து திறப்பதற்கு நேரமும் அளவும் உண்டு, அறிவிப்பும் உண்டு. வானத்திலிருந்து நேரே குளத்தில் விழுவதற்கு அது எதுவும் கிடையாது. சிற்றாறும் பச்சையாறும் தாமிரபரணியில் கொண்டுவந்து சேர்த்த தண்ணீரும் பாபநாசத்துக் கன அடிக் கணக்கில் தெரியாது. பகல் முழுதும் ஊரார் பார்த்துக்கொண்டிருந்த எண்கள் பொய்யில்லை; அவர்கள் வீட்டுக்குப் பின்னால் நின்ற தண்ணீரைப் பற்றி அவை எதுவும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மீட்பு: 18, 19 தேதிகள்

18 பிற்பகலில் முதலில் வந்தவர்கள் கடலோர ஊர் மீனவர்கள். ஃபைபர் வள்ளங்களை லாரியில் ஏற்றி, தண்ணீர் மறித்த இடத்தில் இறக்கி வந்தார்கள். மறுநாள் தீயணைப்புக் குழு காற்றடைத்த ரப்பர் படகோடு வந்தது. இரு தரப்பாரும் உயிரைக் கொடுத்து வேலை செய்தார்கள். இருவருக்கும் ஒரே தடங்கல்: தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

வள்ளத்தின் இன்ஜின் விசிறியில் வைக்கோலும் வாழைச் சருகும் சேலையும் சுற்றிக்கொண்டன. இன்ஜினைத் தூக்கிவிட்டுக் கம்பு ஊன்றித்தான் தெருவுக்குள் போக முடிந்தது. வேலிக்கருவை முள்ளும் பாதி கட்டிய வீட்டுக் கம்பிகளும் ரப்பர் படகுக்கு எமன். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் இரண்டு கீழத்தெருவுக்குப் பின்னால் தண்ணீருக்குள் மறைந்திருந்தன. படகை இழுத்துக்கொண்டு நடந்த தீயணைப்பு வீரர் ஒருவரை, ஒரு கிணற்றுக்கு நாலு எட்டு முன்னால் ஒரு பள்ளிப் பையன் மாடியிலிருந்து சத்தம்போட்டு நிறுத்தினான். அதற்குப் பிறகுதான் படகுக்கு ஓர் உள்ளூர் ஆளை முன்னால் உட்காரவைத்தார்கள்.

"கடல்ல எங்களுக்கு ஆழம் தெரியும், பாறை தெரியும். இங்க எதுக்க வர்றது சுவரா வேலியான்னே தெரியல" என்றார் ஒரு மீனவர். அறிவுக் குறைவு எதுவுமில்லை இதில். அந்தத் தெருவை அவர் காய்ந்து கிடக்கும்போது பார்த்ததில்லை.

முகாம்

மூன்று இரவுகள். சோறு ஊரிலேயே பொங்கினார்கள். ஹெலிகாப்டரிலிருந்து ஒரு முறை பொட்டலங்கள் விழுந்தன. உணவைவிடப் பெரிய தட்டுப்பாடு கழிப்பறையும் குடிதண்ணீரும். பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள். அதனால் வந்த நீர்க்கடுப்பை மருத்துவ முகாமில் அதிகம் பார்த்ததாகச் செவிலியர் சொன்னார். தண்ணீர் வடிந்ததும் எலிக்காய்ச்சலுக்கு முன்தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள், கிணறுகளுக்கு பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். வீடு திரும்பியவர்கள் முதலில் கம்பால் தட்டிப் பாம்பு பார்த்தார்கள்.

2024இல் மாற்றியவை

முதல் கூட்டத்தில் பேச்சு படகு வாங்குவதைப் பற்றித்தான் ஓடியது. ஊருக்குச் சொந்தமாக ஒரு ரப்பர் படகு. கேட்க நன்றாக இருக்கும், ஒரு கோடை வெயிலில் வெடித்தும் போகும். எங்கள் குழு அதை ஆதரிக்கவில்லை. ஊர் கடைசியில் முடிவெடுத்தது வேறு.

முதலாவது, மறுகால் சுவரில் அளவுக் கோடு. வானிலை அறிக்கையில் வரும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு வேண்டாம், அது மழையைப் பற்றியது, குளத்தைப் பற்றியதில்லை என்று நீர்ப்பாய்ச்சி சொன்னார். அவர் அளவுகளையே எடுத்துக்கொண்டார்கள். மறுகாலின் மேல் ஒரு சாண் தண்ணீர் பாய்ந்தால் ஆடு மாடு மேட்டுக்குப் போக வேண்டும். ஒரு முழம் பாய்ந்தால் காலனியின் கடைசி இரண்டு லைனும், ஊர் முழுதிலுமுள்ள முதியவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், நோயாளிகளும். இரண்டு முழம் என்றால் பள்ளத்தில் ஒருவரும் இருக்கக்கூடாது. மேல்குளங்கள் இருக்கும் இரண்டு ஊர்களிலும் ஆளுக்கொருவரைப் பேசி வைத்து, அங்கே மறுகால் பாயத் தொடங்கியதும் சொல்ல ஏற்பாடு. சிக்னல் இல்லாவிட்டால் பைக்கில் ஆள் வரும்.

ஆட்டை முதலில் நகர்த்துவதைச் சிலர் கிண்டலடித்தார்கள். மனுஷனை விட்டுட்டு ஆட்டையா என்றார்கள். ஆடு மேட்டுக்குப் போய்விட்டால் ஆள் தானாகப் பின்னால் வரும் என்பதை அந்த மூதாட்டி கூட்டத்திலேயே எழுந்து சொன்னார். அதன்பிறகு கிண்டல் இல்லை.

இரண்டாவது, முடிவெடுக்கும் உரிமை. ஊராட்சித் தலைவி, நீர்ப்பாய்ச்சி, சுகாதார செவிலியர் ஆகிய மூவரில் யார் ஒருவர் சொன்னாலும் ஊர் நகர வேண்டும். மேலே கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்ற பேச்சுக்கு இடமில்லை. இதைக் கிராம சபையில் தீர்மானமாக எழுதினார்கள். மேலே தகவல் சொல்வது கிராம நிர்வாக அலுவலரின் வேலை, அது ஊர் நகர்ந்துகொண்டிருக்கும்போதே நடக்கலாம். மூட்டை விஷயமும் அதே தீர்மானத்தில் வந்தது: ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் மறுகாலில் மூட்டை அடுக்குவதில்லை. பாசனக்காரர்கள் ஒத்துக்கொண்டது எளிதாக நடக்கவில்லை. உடைந்த கரையும் மணல் மூடிய வயலும் கண்முன் கிடந்ததால் நடந்தது. பத்தாண்டு கழித்து, அந்த மணல் மறந்த பிறகு, இதே தீர்மானம் நிற்குமா என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

மூன்றாவது, முகாம் ஒன்றுக்கு மூன்று. சர்ச், கோயில் மண்டபம், ஓடைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குப் பள்ளி. எந்த லைன், எந்தத் தெரு எங்கே போகும் என்பது வீடு வாரியாக எழுதப்பட்டது. மண்டபத்துக்குக் காலனியின் முதல் இரண்டு லைன்கள். இதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. வெளியே சொல்லக்கூடிய காரணம், சொல்லாத காரணம் என எல்லாம் பேசித் தீர்த்தார்கள் என்று சொல்லமாட்டேன். பட்டியல் சுவரில் ஒட்டப்பட்டது, மண்டபச் சாவியில் ஒன்று காலனியில் ஒருவரிடம் கொடுக்கப்பட்டது. அந்தச் சாவி எங்கே இருக்கிறது என்பதை ஒவ்வொரு முறை போகும்போதும் கேட்கிறேன்.

நான்காவது, மீட்பாளர்களுக்கான ஊர் வரைபடம். தீயணைப்பு நிலையத்துக்கும் வள்ளம் கொண்டுவரும் மீனவர் குழுவுக்கும் ஒவ்வொரு பிரதி. அதில் கிணறு, முள்வேலி, மின்மாற்றி, தாழத் தொங்கும் மின்கம்பி, உறுதியான மாடி வீடுகள், வள்ளம் இறக்கத் தோதான இடம் எல்லாம் குறிக்கப்பட்டுள்ளன. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகளின் பக்கத்தில் வெள்ளை அடித்த உயரக் கம்பம் நட்டார்கள். படகுக்கு ஒருவர் வீதம் வழிகாட்ட ஆட்களைப் பெயர் சொல்லி ஒதுக்கினார்கள். அதில் பாதி பெண்கள், ஏனென்றால் வார நாட்களில் ஊரில் இருப்பவர்கள் அவர்கள்தான். செப்டம்பரில் ஒத்திகை படித்துறையில் நடக்கவில்லை. இரவு எட்டு மணிக்கு, தெரு விளக்குகளை அணைத்துவிட்டு, காலனியிலிருந்து மண்டபம்வரை, நிஜ ஆடுகளோடு நடந்தது. ஆடுகள் ஒத்துழைக்கவில்லை. அன்று கயிறு போதாது என்பதும், சக்கர நாற்காலி ஏற மண்டபப் படியில் சாய்தளம் இல்லை என்பதும் தெரிந்தது. படித்துறை ஒத்திகையில் இவை தெரிந்திருக்காது.

2024 டிசம்பர்

அடுத்த ஆண்டே சோதனை வந்தது. 2024 டிசம்பர் 12, 13 தேதிகளில் மலையிலும் சமவெளியிலும் கனமழை. தாமிரபரணியில் மீண்டும் வெள்ளம். 13ஆம் தேதி திருக்கார்த்திகை. ஊர்க்குளம் மறுகாலில் ஒரு சாண் பாய்ந்ததும் ஆடு மாடுகள் நகர்ந்தன. இருட்டுவதற்குள் ஒரு முழம் தொட்டது. பட்டியலில் இருந்தவர்கள் கிளம்பினார்கள். மண்டபத்துக்குப் போக வேண்டியவர்களில் பெரும்பாலோர் போனார்கள், ஒரு சில குடும்பங்கள் மறுபடியும் சர்ச்சுக்கே போயின. இரண்டாவது முழம் வரவில்லை. குளம் தாங்கியது, காலனிக்குள் தண்ணீர் வரவில்லை.

மறுநாள் காலையில் முணுமுணுப்பு. தீபம் ஏற்ற விடாமல் வீணாக அலையவிட்டார்கள் என்று சிலர். ஒரு ஆட்டுக்குட்டி காணாமல் போனதற்கு யார் பொறுப்பு என்று ஒருவர். வராத வெள்ளத்துக்காக நகர்ந்தவர்கள் அடுத்த முறை நகரத் தயங்குவார்கள் என்பது இத்துறையில் எல்லோருக்கும் தெரிந்த ஆபத்து. ஊராட்சித் தலைவி அதற்குத் தன் வழியில் பதில் வைத்தார்: வாரக் கடைசியில் எல்லோரையும் மறுகாலுக்கு அழைத்துப் போய், கோட்டில் சேறு எதுவரை ஏறியிருந்தது என்று காட்டினார். ஒரு முழக் கோட்டுக்கு மேலே நாலு விரல். குட்டிக்கு ஊர்ப் பணத்திலிருந்து ஈடு கொடுத்தார்கள். அந்தத் தொகையைக் கொடுத்தது சரியா என்று இன்னும் வாதம் நடக்கிறது. என்னைக் கேட்டால், அடுத்த இரவில் ஆட்டைப் பிடித்துக்கொண்டு கிளம்ப வைக்க அதைவிட மலிவான செலவு வேறில்லை.

இன்னும் மீதி

உடைந்த இடத்தில் கரையை அடைத்திருக்கிறார்கள். அந்த இடம் மட்டும் புது மண், மீதிக் கரை பழையது. கரைமேல் வளர்ந்த உடைமரங்களின் வேர்கள் உள்ளே எவ்வளவு துளைத்திருக்கின்றன என்று யாரும் பார்க்கவில்லை. தரைப்பாலத்தை உயர்த்தும் கோரிக்கை மனுவாக இருக்கிறது. பெண்களுக்கான தற்காலிகக் கழிப்பறை மண்டபத்தில் அமைந்துவிட்டது, சர்ச்சில் இல்லை.

மீட்பு தரப்பில் உள்ள சிக்கல் வேறு. தீயணைப்பு நிலையத்தில் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள்; 2023இல் கிணற்றுப் பக்கம் நின்ற வீரர் இப்போது வேறு மாவட்டத்தில். வரைபடம் நிலையத்தில் இருக்கலாம், அதைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தவர்கள் இல்லாமல் போகலாம். அதனால் ஒவ்வொரு செப்டம்பரிலும் புதிதாக வந்தவர்களை மழைக்கு முன்பே ஊருக்குள் ஒரு முறை நடத்திக் கூட்டிப்போக நிலைய அலுவலர் ஒப்புக்கொண்டிருக்கிறார். வழிகாட்டும் பெண்களே அவர்களை அழைத்துப் போவார்கள். நீர்ப்பாய்ச்சிக்கு அடுத்து குளத்தைப் பார்க்க ஆள் வேண்டும் என்ற பேச்சும் நடக்கிறது; அவர் பேரன் ஒருவன் வெள்ளிக்கிழமைதோறும் கோட்டைப் பார்த்து நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறான்.